முப்பது வருடம் கழித்து ஊர் இருக்குமா என்று பயமா? ஓய்வுக்காலச் சேமிப்பை இப்படித் தொடங்குங்கள்

2019 ஜூன். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு, சென்னையில் எங்கள் தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நேரம். எனக்கு 25 வயது, முதல் வேலையை விட்டு இரண்டு மாதம் தாண்டியிருந்தது. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் 33 மாதச் சேமிப்பாக 86,000 ரூபாய் கிடந்தது. 58 வயதில் எடுக்க வேண்டிய பணம். அதுவரைக்கும் இந்த ஊர் இருந்தால்தானே என்று நினைத்து மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். ஐந்து வருட சர்வீஸ் முடியாததால் 10 சதவீதம் வரி பிடித்தார்கள். மீதியில் ஒரு பைக் வாங்கினேன். 2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் அந்த பைக் சீட் வரை தண்ணீரில் நின்றது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்யத் தொடங்கினேன். ஐந்து மாதம் ஆனது. அதில் முக்கால்வாசி நேரம் என் பெயரின் இன்ஷியல் தகராறிலேயே போனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டியதில்லை. இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருந்துகொண்டு, மாதச் சம்பளம் வாங்கி, "எதற்காக இவ்வளவு தூரத்துக்குச் சேமிப்பது" என்ற கேள்வியில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பயத்தை ஒதுக்க வேண்டாம், கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2021இல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குள் 10,000 பேரிடம் கேட்ட ஆய்வில், காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுகிறோம் என்று 59 சதவீதம் பேர் சொன்னார்கள். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 சென்டிமீட்டர் மழையையும் பார்த்த நமக்கு அது அதிகமாகத் தெரியாது.

ஆனால் 2019இல் நான் ஒன்றை யோசிக்கவில்லை. ஊர் எப்படி ஆனாலும் எனக்கு 60 வயது ஆகத்தான் போகிறது. அன்றைக்கு வெயில் இன்னும் கடுமையாக இருந்தால் ஏசி ஓட்டவும், மாடி வீட்டுக்கு மாறவும், தேவைப்பட்டால் வேறு ஊருக்கே போகவும் பணம் வேண்டும். 2023இல் எங்கள் தெருவில் யார் முதலில் வெளியேறினார்கள் என்று பார்த்தேன். கையில் பணம் இருந்தவர்கள் அன்று மாலையே உறவினர் ஊருக்கோ ஹோட்டலுக்கோ கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள் மொட்டை மாடியில் மூன்று நாள் இருந்தோம். சேமிப்பை நான் இப்போது அந்த மாடியிலிருந்துதான் பார்க்கிறேன்.

கணக்கு இதுதான். மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வருடத்தில் நீங்கள் போடுவது 10.8 லட்சம், சேர்வது சுமார் 44.7 லட்சம். பத்து வருடம் தள்ளித் தொடங்கினால் போடுவது 7.2 லட்சம், சேர்வது 17.7 லட்சம்தான். இதில் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் அந்த 44.7 லட்சத்தின் மதிப்பு இன்றைய பணத்தில் 8 லட்சத்தைக்கூடத் தொடாது. அதனால் 3,000 என்பது தொடக்கம் மட்டும். சம்பளம் ஏறும் ஒவ்வொரு வருடமும் இதையும் ஏற்ற வேண்டும்.

2. ஆவணங்கள்: முதலில் உங்கள் பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

எல்லோரும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டு அப்புறம் திரும்பி வருகிறார்கள். நானும் அப்படித்தான்.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ஆனால் பான் அட்டை ஒற்றை எழுத்து இன்ஷியலைக் கடைசிப் பெயராக ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும். அதனால் என் பான் அட்டையில் அப்பாவின் முழுப் பெயர் இருந்தது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு எழுத்து. பிஎஃப் பதிவில் முதல் நிறுவனம் இன்ஷியலே போடவில்லை. வங்கிப் பாஸ்புக்கில் எழுத்து முன்னால். நான்கும் நான்கு ஆட்கள் மாதிரி. கணினிக்கு அது நானில்லை.

சரிசெய்யும் வழி: ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். பான் அட்டையில் உள்ளபடியே ஆதாரை மாற்றுவது எனக்கு எளிதாக இருந்தது, ஏனென்றால் பான் அட்டையையே சான்றாகக் கொடுக்கலாம். ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டும். கட்டணம் இப்போது 75 ரூபாய். எனக்கு 11 நாளில் மாறி வந்தது. ஒரு மாதம் வரைகூட ஆகலாம். கவனம், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஒப்புகைச் சீட்டில் எழுத்துக்கூட்டலை அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். மையத்தில் கூட்டம், பின்னால் இருப்பவர் அவசரப்படுத்துவார், இருந்தாலும் படியுங்கள்.

அதே நடையில் ஆதாரில் உள்ள கைபேசி எண்ணையும் பாருங்கள். பழைய எண் என்றால் இனி வரும் எந்தப் படியிலும் ஓடிபி வராது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் அல்லது உங்கள் பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை, வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தின் படம், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், நாமினியின் (நமக்குப் பின் பணம் பெற நாம் குறிப்பிடுபவர்) ஆதாரும் புகைப்படமும்.

இவற்றின் காகிதங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் எல்லாச் சான்றிதழும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. தண்ணீர் வடிந்தபின் அம்மா என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை தினத்தாள் நடுவில் வைத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் உலர்த்தினார். மை கொஞ்சம் பரவியது, ஆனால் பிழைத்தது. பழைய கம்பெனியின் சம்பளச் சீட்டுகள் கூழாகிவிட்டன. பிஎஃப் பிரச்சினைக்கு அவைதான் எனக்குத் தேவைப்பட்டன. இன்றைக்கே அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஆதாரையும் பானையும் இணையுங்கள். சம்பளச் சீட்டு, வேலையிலிருந்து விடுவித்த கடிதம் எல்லாவற்றையும் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். அசல்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு பரணில் ஏற்றுங்கள்.

3. பிஎஃப்: எடுக்காதீர்கள், ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்

உங்கள் பேசிக் சம்பளத்தில் 12 சதவீதம் உங்களிடமிருந்து, 12 சதவீதம் நிறுவனத்திடமிருந்து. நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம், அதிகபட்சம் 1,250 ரூபாய், ஓய்வூதியப் பிரிவுக்குப் போகும், மீதி பிஎஃப். பல நிறுவனங்கள் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 பிடிக்கும். 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கும் வட்டி 8.25 சதவீதம். நான் எடுத்த 86,000 இதே வட்டியில் 58 வயது வரை கிடந்திருந்தால் 11 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஒரு பைக்குக்காக விட்டது அது.

முதல் வேலையில் சேர்பவர்கள் கவனிக்க வேண்டியது: பேசிக் 15,000க்கு மேல் இருந்து, இதற்கு முன் பிஎஃப் உறுப்பினராக இல்லை என்றால், "பிஎஃப் வேண்டாம்" என்று எழுதித்தர முடியும். கையில் வரும் சம்பளம் கூடும் என்று சேரும் நாளிலேயே சிலர் அதை டிக் செய்ய வைப்பார்கள். செய்யாதீர்கள்.

ஏற்கெனவே இரண்டு மூன்று வேலை பார்த்தவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் யுஏஎன் எண்ணைக் கண்டுபிடியுங்கள், எத்தனை வேலை மாறினாலும் மாறாத உங்கள் 12 இலக்க பிஎஃப் எண் அது. சம்பளச் சீட்டில் இருக்கும். பதிவான கைபேசியிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் விவரம் குறுஞ்செய்தியில் வரும். பிறகு பிஎஃப் அமைப்பின் உறுப்பினர் தளத்தில் நுழைந்து சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்தைத் திறங்கள். வேலை பார்த்த எல்லா நிறுவனமும் ஒரே யுஏஎன்னின் கீழ் இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் சேர்ந்த தேதி, விட்ட தேதி இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய இடத்தில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டவர்களுக்கு இரண்டாவது யுஏஎன் உருவாகியிருக்கும். அப்படியென்றால் பழையதிலிருந்து புதியதற்குப் பணத்தை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

என் பக்கத்தில் இரண்டாவது நிறுவனத்துக்கு நேரே விட்ட தேதி காலியாக இருந்தது. அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு நான்கு மின்னஞ்சல் போட்டேன், பதிலே இல்லை. ஆறு வாரம் காத்திருந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் தயவே தேவையில்லை என்று. கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தால் 'மார்க் எக்ஸிட்' என்ற இடத்தில் நீங்களே தேதியைப் போடலாம், ஆதார் ஓடிபி போதும். ஆனால் அந்தத் தேதி அடுத்த வேலையில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் போய்விடக் கூடாது. ஒரு நாள் மேலேறினாலும் மாற்றல் விண்ணப்பம் திரும்பி வரும். வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தைப் பார்த்து அதே தேதியைப் போடுங்கள்.

பெயர் திருத்தம் அடுத்தது. 2017 அக்டோபர் 1க்குப் பிறகு வந்த, ஆதார் சரிபார்த்த யுஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை 2025 ஜனவரி முதல் நீங்களே தளத்தில் திருத்திக்கொள்ளலாம். என்னுடையது 2016 எண். அதனால் கூட்டு அறிவிப்பை (நானும் நிறுவனமும் சேர்ந்து தரும் திருத்தப் படிவம்) தளத்தில் நிரப்பி, இப்போதைய நிறுவனம் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. சம்பளம் போடும் வாரத்தில் அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை. மாத நடுவில் நேரில் போய்க் கேட்டேன், அன்றே முடித்தார்கள்.

இவை முடிந்த பிறகுதான் படிவம் 13, அதாவது மாற்றல் விண்ணப்பம். கட்டணம் எதுவும் இல்லை. எனக்கு மூன்று வாரத்தில் பணம் வந்து சேர்ந்தது. ஏஜென்ட் ஒருவர் 2,500 ரூபாய் கேட்டிருந்தார். தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள். ஓடிபியைப் பிறர் கையில் கொடுப்பது அதைவிட ஆபத்து.

பொறி எங்கே இருக்கிறது என்றால், வேலை மாறும்போது அதே தளத்தில் படிவம் 19, 10சி இரண்டும் கண்ணில் படும். முதலாவது மொத்தப் பிஎஃப்-ஐயும் எடுப்பது, இரண்டாவது ஓய்வூதியப் பணத்தை எடுப்பது. 10சி போட்டு எடுத்தால் அதுவரை சேர்ந்த ஓய்வூதிய சர்வீஸ் அழிந்துவிடும். பத்து வருடம் இருந்தால்தான் மாத ஓய்வூதியம். மாற்றல் போட்டால் வருடங்கள் தொடரும். இடையில் பணம் எடுக்கும் விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. 13 வகைக் காரணங்களை மூன்றாகச் சுருக்குவது, 25 சதவீதத்தைக் கணக்கில் எப்போதும் விட்டுவைப்பது, வேலையில்லாமல் இரண்டு மாதம் ஆனால் முழுவதையும் எடுக்கலாம் என்பதை 12 மாதம் ஆக்குவது ஆகியவை அதில் அடக்கம். விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓய்வூதியத்தை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. 15,000 உச்சவரம்பில் 35 வருடம் வேலை பார்த்தாலும் மாதம் சுமார் 7,500தான் வரும். அதனால் முடிந்தவர்கள் விபிஎஃப் போடுங்கள்: சம்பளத்திலிருந்தே கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது, அதே வட்டி. உங்கள் பங்கு வருடம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். சில இடங்களில் ஏப்ரலில் மட்டும்தான் ஏற்பார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக இ-நாமினேஷன். திருமணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் திருமணமானதும் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். இதை அறியாதவர்கள் ஏராளம்.

4. வெள்ளப் பணம்: ஓய்வுக்காலப் பணத்துக்குக் காவல்

பிஎஃப்-ஐ உடைக்காமல் இருக்க வேண்டுமானால் பக்கத்தில் வேறு பணம் இருக்க வேண்டும். மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு 62,000 ரூபாய். பிரிட்ஜ், மெத்தை, மோட்டார், சுவர் வண்ணம், பைக் எஞ்சின். கையில் இருந்தது 20,000. மீதி நகை அடகு. அதை மீட்க எட்டு மாதம் ஆனது, அதுவரை சேமிப்பு பூஜ்யம்.

மூன்று மாதச் செலவைத் தனியாக வையுங்கள். வழக்கமான சேமிப்புக் கணக்கில் பாதி, எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய வைப்புத்தொகையில் பாதி. அதோடு 5,000 ரூபாய் ரொக்கமாக, சிறிய நோட்டுகளாக, அந்தப் பிளாஸ்டிக் உறையிலேயே. 2015லும் 2023லும் டவர் போனது, ஏடிஎம் ஓடவில்லை. 2023இல் பால் வாங்க யுபிஐயும் உதவவில்லை.

வண்டிக் காப்பீடு மூன்றாம் நபர் மட்டுமா, முழுமையானதா என்று பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. முழுமையானது இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் பெரும்பாலும் தர மாட்டார்கள், எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகச் சேர்த்திருந்தாலொழிய. நான் தண்ணீர் வடிந்த காலையில் நான்கு முறை ஸ்டார்ட்டரை அழுத்தினேன். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தொடாமல் மெக்கானிக் வரும்வரை காத்திருங்கள்.

வீட்டுப் பொருள்களுக்கும் காப்பீடு உண்டு. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனத்திலும் கிடைக்கிறது. புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். மருத்துவக் காப்பீட்டையும் அலுவலகத்தை நம்பி விட்டுவிடாதீர்கள், வேலை போனால் அதுவும் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

5. பிஎஃப் தவிர வேறு எங்கே?

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி): பிஎஃப் இல்லாத வேலையில் இருப்பவர்கள், ஆர்டர் எடுத்து ஓட்டுபவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு முதல் தேர்வு. தபால் நிலையத்திலோ வங்கியிலோ ஆதார், பான், புகைப்படத்தோடு ஒரே நாளில் திறக்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1.5 லட்சம். 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். 2020 ஏப்ரலில் 7.1 ஆக்கிய வட்டி நெடுநாளாக அப்படியே நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும். மாதம் 5ஆம் தேதி முடிவதற்குள் பணம் போடுங்கள். 6ஆம் தேதி போட்டால் அந்த மாத வட்டி அந்தத் தொகைக்குக் கிடையாது. ஏழாம் வருடத்திலிருந்துதான் ஒரு பகுதியை எடுக்க முடியும். அதனால்தான் வெள்ளப் பணத்தை முதலில் சொன்னேன்.

என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்): ஆதார் ஓடிபி வைத்து அரை மணி நேரத்தில் இணையத்தில் திறக்கலாம். வருடம் குறைந்தது 1,000. செலவு குறைவு, பங்குச்சந்தைப் பங்கும் உண்டு. ஆனால் ஓய்வின்போது, சேர்ந்தது சிறு தொகையாக இல்லாவிட்டால், ஒரு பகுதியை ஆயுள் ஓய்வூதியத்தில் போட்டே ஆக வேண்டும். இடையில் மூன்று வருடம் கழித்து உங்கள் சந்தாவில் 25 சதவீதம் வரை, குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும் எடுக்கலாம். தனியாகப் போடும் 50,000க்கு வரிச்சலுகை பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருப்பவர்கள், நிறுவனமே என்பிஎஸ்சில் பங்களிக்குமா என்று கேளுங்கள். பேசிக்கில் 14 சதவீதம் வரை அதற்கு வரி இல்லை.

அடல் ஓய்வூதியத் திட்டம்: 18 முதல் 40 வயது, வருமான வரி கட்டாதவர்கள். 25 வயதில் சேர்ந்தால் மாதம் 376 ரூபாய், 60க்குப் பிறகு மாதம் 5,000. அன்றைக்கு 5,000 பெரிய தொகையாக இருக்காது. ஆனாலும் வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கோ கடையில் நிற்கும் தம்பிக்கோ வங்கியில் கூடவே போய்ச் சேர்த்துவிடுங்கள்.

இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி (பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதியில் மாதாமாதம் போடுவது): 30 வருடம் கையை வைக்காமல் இருக்க முடிந்தவர்களுக்கு. டைரக்ட் பிளான் எடுங்கள். ரெகுலர் பிளானில் தரகு போகும். வருடம் ஒரு சதவீதம் குறைந்தால்கூட என்ன என்று தோன்றும். முதல் படியில் சொன்ன அதே 3,000 கணக்கில் 8க்குப் பதில் 7 சதவீதம் வந்தால் 44.7 லட்சம் 36.6 லட்சமாகிவிடும்.

வங்கியில் "பென்ஷன் பிளான்" என்று ஒன்றை நீட்டினால் அது காப்பீட்டுப் பாலிசியா என்று முதலில் கேளுங்கள். மூன்றாம் வருடத்தில் நிறுத்தினால் கையில் என்ன வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

6. "ஒரு மனை வாங்கிப் போடு" என்று பெரியவர்கள் சொன்னால்

அன்பில்தான் சொல்கிறார்கள். அவர்கள் காலத்தில் அது பலித்தது. ஆனால் ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் ஒரே மனையில் போடுவது, அதுவும் தென்சென்னைப் புறநகரில், எனக்குப் பயமாக இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் சுற்றுப்புறத்தில் எத்தனை மனைப்பிரிவுகள் முளைத்தன என்று அந்தப் பக்கம் வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பட்டா, வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல் அரசின் இணைய சேவையில், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். பக்கத்துச் சர்வே எண்களில் நீர்நிலைப் புறம்போக்கு, ஓடை, வாய்க்கால் என்று வருகிறதா என்று தேடுங்கள். அப்புறம் மழை பெய்து மூன்றாம் நாள் நேரில் போங்கள். மனைத் தரகரை விட்டுவிட்டு தெருமுனை டீக்கடையில் "2015இல் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது" என்று கேளுங்கள். சுவரில் கறை இருக்கும், கையால் காட்டுவார்கள்.

7. என் பணமே நிலக்கரிக்குப் போகிறதே என்ற உறுத்தல்

நியாயமான உறுத்தல். பிஎஃப்-இல் பணம் எங்கே போகிறது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மற்ற இடங்களில் கொஞ்சம் முடியும். மத்திய அரசு 2023 ஜனவரி முதல் பசுமைப் பத்திரங்கள் வெளியிடுகிறது. ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கில் கட்டணமில்லாமல் சேர்ந்து, 10,000 ரூபாயிலிருந்து அரசுப் பத்திரங்கள் வாங்கலாம். சுற்றுச்சூழல் அளவுகோல் வைத்துப் பங்கு தேர்ந்தெடுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளும் உண்டு. பெயரை மட்டும் பார்க்காமல் மாதாந்திர அறிக்கையில் முதல் பத்து நிறுவனங்களைப் படியுங்கள். மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

8. நாள்காட்டி

முதல் வாரம்: பெயர் ஒப்பீடு, ஆதார் மையம், டிஜிலாக்கர். முதல் மாதம் முடிவதற்குள்: யுஏஎன், சர்வீஸ் ஹிஸ்டரி, விட்ட தேதி. இரண்டாம், மூன்றாம் மாதம்: பெயர் திருத்தம், மாற்றல், நாமினேஷன். அதே மூன்று மாதத்தில் வெள்ளப் பணத்துக்குத் தானியங்கிப் பிடித்தம், சம்பளம் வந்த மறுநாள். அது நிறைந்த மாதத்திலிருந்து அதே தொகையை பிபிஎஃப் அல்லது எஸ்ஐபிக்குத் திருப்புங்கள். கட்டணமாக எனக்கு மொத்தம் 300 ரூபாய்கூட ஆகவில்லை, செலவானது நேரம்தான்.

பிறகு வருடத்துக்கு இரண்டு நாள் போதும். ஏப்ரல் முதல் வாரத்தில் சேமிப்பை ஏற்றுவது. செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், காப்பீடுகளின் காலாவதி, பிளாஸ்டிக் உறை, ரொக்கம், நாமினி எல்லாம் பார்ப்பது.

போன செப்டம்பரில் அம்மாவை உட்காரவைத்து ஒரே ஒரு தாளில், தமிழில், கையால் எழுதினேன். யுஏஎன் எண், பிபிஎஃப் எந்தத் தபால் நிலையம், காப்பீட்டு எண்கள், யாரிடம் கேட்க வேண்டும் என்று. "இதெல்லாம் எனக்கு எதுக்குப்பா, உனக்கு அறுபது ஆகும்போது நான் எங்கே இருப்பேன்" என்றார். எழுதி முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார், தபால் நிலையத்தின் பெயரில் நான் விட்டிருந்த ஒரு எழுத்தைத் திருத்தினார். தாளை உறையில் போட்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று, பரணில் வைத்தோம்.